பாட்டரி வழக்கு

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும் என்று நம்புகிறவர்கள் ஒரு வகை. அப்படி நம்பி மோசம் போனவர்கள் மற்றொரு வகை. சென்ற ஆவணி மாதம் வரையில் நாம் முதல் வகையில் சேர்ந்திருந்தோம். அதன் பிறகு இரண்டாவது வகைக்கு வந்து சேர்ந்தோம். இந்த மாறுதல் எப்படி நேர்ந்தது என்பதையும், அதனிடையில் ஒரு நிரபராதியின் மேல் நாம் எவ்விதம் குற்றம் சுமத்தினோம் என்பதையும் நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட உத்தேசித்திருக்கிறோம்.

புதுக்கோட்டை மாவட்டம் என்றதும் பலருக்குக் குன்றுகளும் குடைவரைக் கோயில்களும் சித்தன்னவாசல் ஓவியங்களுமே ஞாபகத்துக்கு வரும். அந்த மாவட்டத்துக்குக் கடற்கரையும் உண்டு என்று சொன்னால் சற்று ஆச்சரியப்படுவார்கள். மணமேல்குடித் தாலுக்காவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, பாக் நீரிணையின் ஓரத்தில் இருக்கிறது கோட்டைப்பட்டினம். விசைப்படகுகள் வரிசையாக நிற்கும் துறைமுகம், ஐஸ் பெட்டிகள் ஏற்றிய மீன் வண்டிகள், தூர தேசங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து போகும் தர்கா, எந்நேரமும் ஓயாத உப்புக் காற்று ஆகிய இவைதான் அந்த ஊரின் முக்கிய அடையாளங்கள். நம் சகோதரி அங்கே குடியிருக்கிறாள். மைத்துனருக்கு வளைகுடா நாட்டில் உத்தியோகம். ஆகையால் வீட்டில் அவளும், பிளஸ் டூ வகுப்பில் படிக்கும் அவளுடைய மகனுமாக இரண்டே பேர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் புதுக்கோட்டையில் சும்மா இருந்த நாம், இரண்டு மூன்று மாதம் அவர்களுக்குத் துணையாக இருந்துவிட்டு வரலாம் என்று ஆடி மாதக் கடைசியில் நம் வண்டியிலேயே போய்ச் சேர்ந்தோம்.

வண்டிக்கு வயது ஒன்பது. ஆனால் அது அதுவரையில் ஒரு நாளும் நம்மை நடுத்தெருவில் விட்டதில்லை. புதுக்கோட்டையில் இருந்தபோது தினந்தோறும் அதை ஓட்டினோம். கோட்டைப்பட்டினத்திலோ ஓட்டுவதற்கு அவசியமே ஏற்படவில்லை. கடைத்தெருவுக்கு நடந்து போகலாம். கடற்கரைக்கும் நடந்து போகலாம். வண்டி வாசலில் வேப்பமரத்து நிழலில் கடலைப் பார்த்தபடி நாள்கணக்காக நின்றது. அது செய்த ஒரே வேலை, உப்புக் காற்று வாங்கியதுதான்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் அறந்தாங்கி போகலாமென்று ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினோம். 'டக், டக்' என்று பல்லி சொல்லுவது போல் ஒரு சத்தம் வந்தது. முன்புறத்துச் சின்ன விளக்குகள் மினுக்கிவிட்டு அணைந்தன. அவ்வளவுதான்.

* * *

ஒருவர் வீட்டு வாசலில் வண்டி கிளம்பவில்லை என்றால், அந்தத் தெருவில் எத்தனை நிபுணர்கள் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரியவரும். பாட்டரிக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்றார் ஒருவர். கடல் காற்று மின்சாரத்தை உறிஞ்சிவிடும் என்றார் இன்னொருவர். வண்டி கிழக்கே பார்த்து நிற்பது சரியில்லை, திருப்பி நிறுத்திப் பாருங்கள் என்றார் மூன்றாமவர். நாம் படித்தவர் அல்லவா? ஆகையால் மூன்றாவது அபிப்பிராயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, முதல் அபிப்பிராயத்தை ஒப்புக்கொண்டோம். இரண்டில் எதையும் நாம் பரீட்சித்துப் பார்க்கவில்லை என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, கேபிள் மாட்டி, நம் வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். நேரே ஒரு பெரிய ஊருக்குப் போய் ஒரு கடையில் புதுப் பாட்டரி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தோம். விலை 5,200 ரூபாய். பத்தாம் நாள் புதுப் பாட்டரியும் பழைய பாட்டரியைப் போலவே 'டக், டக்' என்றது. மறுபடியும் கேபிள்; மறுபடியும் பிரயாணம். இம்முறை ஒரு பட்டறையில், "பாட்டரி புதிது ஸார், அதன் மேல் குற்றம் இல்லை. அதற்குக் கரண்டு கொடுக்கும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது" என்றார்கள். அதையும் மாற்றினோம். 9,500 ரூபாய். வண்டி சிங்கம் போல் கர்ஜித்துக்கொண்டு ஊர் திரும்பியது. அடுத்த வாரமே பூனையாகிவிட்டது.

இப்போது நமக்குக் கோபம் வந்தது. யந்திரத்தின் மேல் கோபித்துக்கொண்டு பயனில்லை. கோபித்துக்கொள்ள ஒரு மனிதன் வேண்டும். அப்படி ஒரு மனிதன் வீட்டிலேயே இருந்தான்.

நம் மருமகனுக்கு ஒரு பழக்கம். சாயங்கால வேளையில் சாவியை வாங்கிக்கொண்டு போய், வண்டிக்குள் உட்கார்ந்து அரை மணி நேரம் ரேடியோவில் பாட்டுக் கேட்பான். வீட்டிலே தாயார் பாடம் படிக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள். வண்டிக்குள் அந்தத் தொந்தரவு இல்லை. இதை நாம் முன்பு ஒரு குற்றமாக நினைத்ததில்லை. இப்போது நினைத்தோம்.

"நீ பாட்டுக் கேட்டுக் கேட்டுத்தான் பாட்டரியைக் கொன்றுவிட்டாய். விளக்கையும் போட்டபடி விட்டுவிட்டு வருகிறாய்" என்றோம்.

"இல்லை மாமா, இறங்கும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் வருகிறேன்" என்றான்.

"அப்படியானால் பாட்டரி தானாகச் சாகிறதா?" என்று கேட்டோம்.

பையன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டுவிட்டால் வழக்கில் ஜயித்துவிட்டதாக நினைக்கும் வக்கீல்களைப் போல் நாமும் நினைத்துக்கொண்டோம். அன்று திங்கட்கிழமை. அன்றைக்குத்தான் வண்டியைக் கிளப்பி மணமேல்குடி வரையில் போய்விட்டு, மாலை 6 மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். இனிமேல் வண்டிப் பக்கமே போகக்கூடாது என்று பையனுக்கு உத்தரவு போட்டோம். இரவு படுக்கும்போது சாவியை எடுத்து நம் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டோம். சகோதரி அதைப் பார்த்தாள். "அண்ணே, அவன் பொய் சொல்லுகிற பிள்ளை இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

* * *

வெள்ளிக்கிழமை அதிகாலை 2 மணி இருக்கும். பையன் வந்து நம்மை உலுக்கி எழுப்பினான். சகோதரிக்கு ஆஸ்துமா உண்டு. அன்று இரவு அது கடுமையாகிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக உறிஞ்சும் மருந்து பிரயோஜனப்படவில்லை. பேச வாயெடுத்தாள், வார்த்தை வரவில்லை.

தலையணைக்கடியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். திருப்பினோம். 'டக், டக்.'

அந்த நடுநிசியில் அந்தச் சத்தம் நம் காதில் எப்படி விழுந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமென்று கைபேசியைத் தேடினோம். அதை எங்கே வைத்தோமென்று தெரியவில்லை. நாம் தேடிக்கொண்டிருக்கையிலேயே பையன் செருப்புக்கூடப் போடாமல் துறைமுகத்துப் பக்கம் ஓடிவிட்டான். ஐந்து நிமிஷத்தில் மீன் ஏற்றும் வான் ஒன்று வாசலில் வந்து நின்றது. பையன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். டிரைவர் நம்மை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அக்காவை முன்னால் உட்கார வையுங்கள், நீங்கள் இருவரும் பின்னால் ஏறிக்கொள்ளுங்கள்" என்றார். ஐஸ் தண்ணீரும் மீன் வாசனையும் நிறைந்த அந்த வண்டியின் பின்புறத்தில், நாமும் நம் மருமகனும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அறந்தாங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

முகத்திலே மூடியைப் பொருத்தி மருந்தை ஆவியாகக் கொடுத்தார்கள். விடியும் தறுவாயில் சகோதரியின் மூச்சு சீரடைந்தது. வான் டிரைவரிடம் பணத்தை நீட்டினோம். டீசலுக்கு ஆனதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீன் ஏற்ற நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாமும் பையனும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பையன் சற்று நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலை நிமிராமலே, "மாமா, திங்கட்கிழமை ராத்திரியிலிருந்து சாவி உங்கள் தலையணைக்கு அடியில்தானே இருந்தது?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விழிப்பது இப்போது நம்முடைய முறையாயிற்று.

* * *

அன்று சாயங்காலம், துறைமுகத்தில் படகு எஞ்ஜின்களுக்கு மின்சார வேலை பார்க்கும் ஒரு பாயைப் பையன் அழைத்து வந்தான். சுமார் ஐம்பது வயது, கையில் ஒரு சிறு பை, நிதானமான பேச்சு. நாம் நடந்ததையெல்லாம் சொன்னோம். புதுப் பாட்டரி, புது ஆல்டர்னேட்டர், செலவு 14,700 ரூபாய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இத்தனை மாற்றினீர்களே ஐயா, யாராவது அளந்து பார்த்தார்களா?"

யாரும் அளக்கவில்லை என்றோம்.

"பாட்டரி என்பது பாங்கிக் கணக்கு மாதிரி. கணக்கில் பணம் இல்லை என்றால் மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும். பாங்கியே மோசமாக இருக்கலாம்; அது பாட்டரி. வரவு வராமலிருக்கலாம், அது ஆல்டர்னேட்டர். வரவு சரியாக வந்தும், தெரியாமல் எங்கேயோ செலவு போய்க்கொண்டிருக்கலாம், அது கசிவு. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பார்க்காமல் பாங்கியை மாற்றினால், ஓட்டைப் பானையை விட்டுவிட்டுக் கிணற்றை மாற்றின கதைதான்" என்றார்.

அவருக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. வருஷந்தோறும் ஏப்ரல் 15-ந் தேதி முதல் ஜூன் 14-ந் தேதி வரையில் 61 நாள் இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட தடைக்காலம் அது. படகைக் கட்டியவுடன் தாம் முதற்காரியமாகச் செய்வது பாட்டரியின் கம்பியைக் கழற்றுவதுதான் என்றார். இல்லாவிட்டால் திசை காட்டும் கருவி, ஆழம் காட்டும் கருவி, ஏதாவது ஒரு சின்ன விளக்கு, இவைகளில் ஒன்று பாட்டரியைத் துளித்துளியாகக் குடித்துத் தீர்த்துவிடும். "உங்கள் வண்டி வாசலில் நின்றால் மீன் வான் கிடைத்தது. நடுக்கடலில் எஞ்ஜின் நின்று மறுபடி கிளம்பாவிட்டால் யார் வருவார்கள்? காற்று இழுத்த பக்கம் படகு போகும்" என்றார். எந்தப் பக்கம் போகும் என்று அவர் சொல்லவில்லை; சொல்ல வேண்டியதுமில்லை. 1974-ம் வருஷத்து உடன்படிக்கையில் வகுத்த எல்லைக்கோடு அந்தத் தண்ணீரின் நடுவே போகிறது. அதைத் தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்கள் அந்தக் கரையில் பலர் உண்டு. அங்கே செத்த பாட்டரி என்பது வெறும் அசௌகரியம் அல்ல.

பாட்டரியைக் கழற்றித் தம் பட்டறைக்கு எடுத்துச் சென்று இரவு முழுவதும் மெதுவாகச் சார்ஜ் செய்து வருவதாகச் சொன்னார். கழற்றும்போது முதலில் கறுப்புக் கம்பியை, அதாவது நெகட்டிவை எடுத்தார். மாட்டும்போது அதைத்தான் கடைசியில் மாட்ட வேண்டுமாம். வண்டியின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்தது. சிவப்புப் பக்கத்தை முதலில் கழற்றினால், கையிலுள்ள ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுவிட்டால் போதும், பெரும் பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருவதால் பொறி ஆபத்தானது. பக்கத்தில் பீடி சிகரெட்டும் கூடாது.

* * *

பாட்டரி இல்லாத வண்டியைப் பார்த்துக்கொண்டு அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கைபேசியில் கொஞ்சம் படித்ததும், பழைய ஞாபகங்களும் சேர்ந்து பல விஷயங்கள் தெளிவாயின.

ஈயப் பாட்டரியை 1859-ல் பிரான்ஸ் தேசத்துக் காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்தார். உலகம் எவ்வளவோ மாறிய பிறகும், நம் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது அநேகமாக அந்தச் சரக்குத்தான். ஈயத் தகடுகள், நீர் கலந்த கந்தக அமிலம். இப்படி ஆறு அறைகள். ஓர் அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆக மொத்தம் பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். மின்சாரம் செலவாகும்போது அமிலத்திலுள்ள கந்தகச் சத்து தகடுகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. அமிலம் தண்ணீராக இளகுகிறது. சார்ஜ் செய்யும்போது அது தகட்டை விட்டு மறுபடி அமிலத்துக்குத் திரும்புகிறது. ஆனால் பாட்டரியை வெறும் வயிற்றோடு நாள்கணக்காகப் போட்டு வைத்தால், தகட்டில் படிந்தது கல்லாக இறுகிவிடும். பிறகு முழுவதும் திரும்பாது. பாட்டரியை ஒவ்வொரு முறை பட்டினி போடும்போதும் அதன் ஆயுளில் கொஞ்சம் குறைகிறது. நம்மைப் போன்ற உஷ்ண தேசத்தில் அந்த ஆயுளும் குறைவுதான்.

சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு பிறந்த வருஷம் உண்டு. அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர், காடிலாக் வண்டியில் 1912-ம் வருஷ மாடலில் வந்தது. அதற்கு முன்பு எஞ்ஜினுக்கு முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். அது பின்னடித்தால் மணிக்கட்டு முறியும். நம் நாட்டில் அதற்கு வெகு காலம் பின்பும் பஸ் கிளீனர்கள் விடியற்காலையில் அந்தக் கைப்பிடியோடு மல்லாடியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தக் கிளீனர் செய்த வேலையைத்தான் இப்போது பாட்டரி செய்கிறது. நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரத்தை இரண்டொரு விநாடியில் கொட்ட வேண்டும். ரேடியோவும் விளக்கும் கேட்பது சில்லறைப் பணம். ஸ்டார்ட்டர் கேட்பது மொத்தப் பணம். அதனால்தான் விளக்கு மினுக்கினாலும் வண்டி கிளம்ப மறுக்கிறது.

* * *

மறுநாள் சனிக்கிழமை. பாய் காலையிலே வந்துவிட்டார். பையனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அவனும் கூடவே நின்றான்.

முதலில் கம்பிகளின் முனையைப் பார்த்தார். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கழுவி, பளபளக்கச் சுரண்டி, மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் தடவ வேண்டும் என்றார். கடற்கரை ஊரில் மாதம் ஒரு முறை செய்ய வேண்டிய காரியம் இது. எஞ்ஜினையும் வண்டி உடம்பையும் இணைக்கும் தரைக்கம்பியின் இறுக்கத்தையும் பார்த்துவிட்டார்.

பிறகு பாங்கியின் பரீட்சை. இரவு முழுவதும் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா இருந்த பாட்டரியில் மீட்டரை வைத்தார். 12.6 வோல்ட். "இது நிறைந்த கணக்கு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி" என்றார். ஆறு மூடிகளையும் திறந்து, கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை வைத்த ஹைட்ரோமீட்டரால் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தார். ஆறிலும் ஒப்படர்த்தி 1.26-ஐ ஒட்டியே நின்றது. ஓர் அறை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பாட்டரி கெட்டது என்று தீர்மானிக்கலாம். பாட்டரி நிரபராதி.

அடுத்தது வரவின் பரீட்சை. வண்டியைக் கிளப்பச் சொன்னார். கிளம்பும் விநாடியில் மீட்டர் 10-க்குக் கீழே இறங்கவில்லை, நல்லது. எஞ்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட். "பதின்மூன்றே முக்காலுக்கும் பதினான்கரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். இருக்கிறது" என்றார். பழைய ஆல்டர்னேட்டரையும் யாராவது இவ்வாறு பார்த்திருந்தால் 9,500 ரூபாய் மிஞ்சியிருக்குமோ என்னவோ!

கடைசியில் கசிவின் பரீட்சை. வண்டியை அணைத்து, சாவியைத் தூர வைத்துவிட்டு, நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் பாட்டரிக்கும் நடுவே மீட்டரைக் கோத்தார். அதாவது, வண்டி தூங்கும்போது குடிக்கும் மின்சாரமெல்லாம் மீட்டரின் வழியாகவே போயாக வேண்டும். மீட்டரின் கம்பியை 10 ஆம்பியர் துளையில் செருகியிருந்தார். இந்த நிலையில் யாரும் வண்டியைக் கிளப்பக் கூடாது. கிளப்பினால் மீட்டரின் ப்யூஸ் போய்விடும். உள்ளேயிருக்கும் ப்யூஸ் பெட்டியைப் பார்ப்பதற்காகக் கதவைத் திறந்து வைத்து, வண்டி ஏமாறும்படி கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கி வைத்தார். கதவு மூடியிருப்பதாக எண்ணி உள்விளக்கு அணைந்தது. இக்காலத்து வண்டிகளில் சிறிய கம்ப்யூட்டர்கள் பல உண்டு; அவை உறங்கிப் போக அரை மணி ஆகலாமென்று காத்திருந்தோம். காப்பி வந்தது.

மீட்டரைப் பையன் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார் பாய்.

"பாயிண்ட் நாலு ஐந்து" என்றான் பையன்.

அதாவது 0.45 ஆம்பியர். கடிகாரத்துக்கும் பூட்டுக்குமாக 0.05 வரையில் போவது சகஜம். இது அதைப்போல் ஒன்பது மடங்கு. பாய் வண்டிக்குள் குனிந்து ப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, திருப்பிச் செருகிக்கொண்டு வந்தார். பையன் ஒவ்வொரு தடவையும் "நாலு ஐந்து... நாலு ஐந்து..." என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஏழாவதோ எட்டாவதோ பிடுங்கியபோது, "மூன்று! பாயிண்ட் சைபர் மூன்று!" என்று கூவினான்.

அது உள்விளக்குகளின் ப்யூஸ். ஆனால் உள்ளே எந்த விளக்கும் எரியவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பையன் சட்டென்று கைபேசியை எடுத்தான். ப்யூஸை மறுபடி செருகச் சொல்லிவிட்டு, படம் பிடிக்கும்படி கைபேசியை முடுக்கி, டிக்கிக்குள் வைத்து மூடினான். ஒரு நிமிஷம் கழித்துத் திறந்து எடுத்துக் காட்டினான். டிக்கி மூடியதும் படம் இருட்ட வேண்டும் அல்லவா? இருட்டவில்லை. உள்ளே விளக்கு ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது!

டிக்கிப் பூட்டுக்குள் விளக்கை அணைப்பதற்கு ஒரு சின்ன ஸ்விட்சு உண்டு. உப்புக் காற்றில் அது துருப்பிடித்து, மூடினாலும் மூடியதாக உணராமல் போய்விட்டது. அதனால் டிக்கி விளக்கு இரவும் பகலும், யாரும் பார்க்க முடியாத இடத்தில், எரிந்தபடியே இருந்திருக்கிறது. புதுக்கோட்டையில் தினமும் ஓட்டிய காலத்தில் இப்படி நேர்ந்திருந்தால் தெரிந்தே இருக்காது. அன்றன்றைய வரவு அந்தச் செலவை ஈடு கட்டியிருக்கும். நிறுத்தி வைத்ததால்தான் குட்டு வெளிப்பட்டது.

பையன் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டான். 5 வாட் பல்பு. 12-ஆல் வகுத்தால் 0.42. கடிகார வகையறா 0.03. ஆக 0.45. திங்கள் மாலை 6 மணி முதல் வெள்ளி அதிகாலை 2 மணி வரை 80 மணி. 80-ஐ 0.45-ஆல் பெருக்கினால் 36. பாட்டரியின் கொள்ளளவு 45 ஆம்பியர்-மணி. முழுதும் நிரம்பியிருந்தாலே மிச்சம் 9. அடிக்கடி பட்டினி கிடந்த பாட்டரி முழுதும் நிரம்பியிருக்கவும் நியாயமில்லை.

பாய் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அதன் கீழே மற்றொரு கணக்கையும் எழுதச் சொன்னார். ரேடியோ அரை மணி நேரம் பாடினால் எவ்வளவு? சுமார் ஓர் ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் அரை ஆம்பியர்-மணிதான். 45-ல் அரை! நாம் விசாரணையின்றித் தண்டனை கொடுத்த குற்றத்தின் எடை அவ்வளவு.

பாய் அப்போதே பல்பைக் கழற்றிப் பையன் கையில் கொடுத்தார். மீட்டர் 0.03-ல் நின்றது. பிறகு டிக்கிப் பூட்டை மாற்றியதற்கு 500 ரூபாய்கூட ஆகவில்லை. பாய் தம் கூலியாக 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். காரைக்குடி இங்கிருந்து எட்டாத தூரமில்லை, இந்தப் பையனைப் பெரிய படிப்புக்கு அங்கே அனுப்பலாமே என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவர் குறிப்பிட்டது அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிலையம் அது. 1948 ஜூலை 25-ந் தேதி ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பாட்டரி ஆராய்ச்சி அங்கே முக்கியமான வேலைகளில் ஒன்று. தேசம் சுதந்திரமடைந்து ஒரு வருஷம் நிறைவதற்குள், எதையும் அளந்து அறிய வேண்டும் என்று நினைத்தவர்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். நாமோ அவர்களுக்கு இத்தனை சமீபத்தில் இருந்துகொண்டு, 14,700 ரூபாய் செலவழிக்கும் வரையில் ஒரு மீட்டரைத் தொடவில்லை.

* * *

ஒரு பாக்கி இருந்தது. அன்று இரவு சாப்பிட்டான பிறகு பையனைத் திண்ணைக்கு அழைத்தோம்.

பத்திரிகையில் எழுதுகிறவர்கள் தங்களை 'நாம்' என்று சொல்லிக்கொள்வது வழக்கம். அதில் பல சௌகரியங்கள் உண்டு. புதுப் பாட்டரி வாங்கியது 'நாம்'. பையனைச் சந்தேகித்தது 'நாம்'. யார் என்று திட்டமாகத் தெரியாது. ஆனால் மன்னிப்புக் கேட்கும் போது அந்தச் சொல் உதவாது என்பதை அன்று கண்டுகொண்டோம். 'நாம் தவறு செய்துவிட்டோம்' என்று சொன்னால் பாதிப் பழி பையன் தலையிலும் விழுகிறது அல்லவா? ஆகையால் அன்று ஒரு தடவை மட்டும் 'நான்' என்று சொல்ல வேண்டியிருந்தது.

"பரவாயில்லை மாமா" என்றான் பையன். சற்றுப் பொறுத்து, "அம்மாதான் ரொம்ப வருத்தப்பட்டார்கள்" என்றான். ஆகவே உள்ளே போய் அங்கேயும் ஒரு தடவை சொன்னோம். சகோதரி ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மூச்சு இரைக்கவில்லை என்பதே நமக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது.

அடுத்த வாரம் அறந்தாங்கி போனபோது பையனுக்கு ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்தோம். சில நூறு ரூபாய்தான். அன்று முதல் வீட்டில் டார்ச் விளக்கு, சுவர்க் கடிகாரம், தொலைக்காட்சிப் பெட்டியின் கையடக்கக் கருவி ஒன்றும் அவனிடம் தப்புவதில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டோம். சாயங்காலம் வண்டிக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்கிறது. மாதப் பிறப்பன்று டிக்கிக்குள் கைபேசியை வைத்து மூடி, விளக்கு அணைகிறதா என்று பார்த்து வந்து நம்மிடம் சொல்லிவிடுகிறான்.